இதயத்தை அளக்கும் படங்கள்

கேமரன் மலைத் தேயிலைச் சரிவில் ஏறினால் எவருக்கும் மூச்சு வாங்கும். ஆனால், சென்ற மாதம்வரை எளிதாக ஏறியவர் இன்று பாதி வழியில் நின்றுவிடுகிறார், கணுக்காலும் வீங்குகிறது என்றால் மலையைக் குறை சொல்லிப் பயனில்லை. அது இதயத்தசை நோயாக இருக்கலாம்.

இந்நோயின் ஒரு வகையில் இதயத்தின் இடக் கீழறை விரிந்து தசை தளரும். அவ்வறையில் நிரம்பும் இரத்தத்தில் எத்தனை விழுக்காடு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதை மருத்துவர் அளப்பார். 120 மில்லிலிட்டரில் 70 வெளியேறினால் ஏறக்குறைய 58 விழுக்காடு. இது நலமான இதயம். அளவு 35-ஐத் தாண்டாவிட்டால், திடீர் மரணத்தைத் தடுக்கும் மின்கருவியை நெஞ்சில் பொருத்துவது பற்றி ஆலோசிப்பர்.

அளப்பதற்கு முதலில் கைகொடுப்பது எக்கோ. 1953-இல் சுவீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் இருவரும், உலோகத்தில் விரிசல் தேடும் மிகையொலிக் கருவியைக் கொண்டு இதயத்தை ஆராய்ந்ததில் பிறந்தது இது. கதிர்வீச்சு இல்லை, சிறிய கருவியைத் தோட்ட மருந்தகத்திற்கும் தூக்கிச் செல்லலாம். எனினும், விலா எலும்பும் நுரையீரல் காற்றும் ஒலியை மறைக்கும். அறையின் கொள்ளளவும் பெரும்பாலும் இரண்டு கோணப் படங்களிலிருந்து கணித்துப் பெறுவதே.

எம்.ஆர்.ஐ. இதயத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்துக் கூட்டுவதால் கணக்கு துல்லியமாகிறது. தசையிலுள்ள தழும்பும் தெரியும். ஆனால், டன் கணக்கில் எடையுள்ள அந்தக் காந்தம் மலையேறி வராது. நோயாளிதான் இறங்கிச் செல்ல வேண்டும். குழாய் போன்ற கருவிக்குள் ஒரு மணி நேரம்வரை, அவ்வப்போது மூச்சை அடக்கிப் படுத்திருக்கவும் வேண்டும்.

எக்கோவில் 40 என்றிருந்தது எம்.ஆர்.ஐ.யில் 34 என்று வந்தால் நோய் முற்றிவிட்டதாகப் பதற வேண்டியதில்லை, அளவுகோல்தான் மாறியிருக்கலாம். அதனால்தான் மருத்துவர்கள் தொடர் பரிசோதனைகளை இயன்றவரை ஒரே முறையில் செய்து, பழைய அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பார்க்கின்றனர்.