டர்போவும் அதன் கடிவாளமும்

மலைநாட்டில் வாழ்வோருக்கு எஞ்சினின் வலிமை ஓர் ஆடம்பரப் பொருளன்று. எட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹற்றனை நோக்கி ஏறும் வீதியையும், பலாங்கொடையிலிருந்து பெரகலைக்குச் செல்லும் வீதியையும், இறக்குவானைக்கு அப்பால் புலுத்தோட்டைக் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளையும் அறிந்தவர்கள் இதனை நன்கு உணர்வர். ஆகவே, நமது சப்ரகமுவத் தோட்டப்புறங்களில் பிறந்து கராஜ் தொழிலை நாடும் இளைஞர்கள், வண்டிக்கு மேலும் வலுவூட்டும் வழிகளை ஆராய்வதில் வியப்பில்லை. ஜப்பானிலிருந்து வந்த டர்போ காரொன்றில் பழைய டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றைப் பூட்டுவது அவ்வழிகளுள் ஒன்று. டர்போவை மாற்றிய பின் எஞ்சினை ஆளும் மின்னணுக் கணினியை மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். சரித்திரமும் இலக்கியமும் கற்பிக்கும் ஒருவர் இதைப் பற்றிப் பேசலாமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். இந்த யந்திரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை அறிந்தால் அதன் குணமும் விளங்கும்.

கொல்லன் உலைக்களத்தில் துருத்தி செய்யும் வேலையையே டர்போ எஞ்சினுக்குச் செய்கிறது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, நெருக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியலாம், வலுவும் கூடும். சிறிய டர்போக்களில் இவ்வச்சு நிமிடத்துக்கு 1,00,000 தடவைக்கு மேலும் சுழல்வதுண்டு. சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரட் பூகி 1905ஆம் ஆண்டில் இதற்கான உரிமைப்பத்திரத்தைப் பெற்றார். 1918இல் அமெரிக்கர் சான்போர்ட் மொஸ், விமான எஞ்சினொன்றைப் பைக்ஸ் பீக் என்னும் மலையுச்சிக்கு, 14,000 அடிக்கும் மேலே கொண்டுசென்று, மெலிந்த காற்றிலும் அது வலுக்குன்றாமல் இயங்க டர்போ உதவுவதை நிரூபித்தார். மலையேறுவதற்கென்றே வளர்க்கப்பட்ட பிள்ளை இது எனலாம்.

ஆனால் இப்பிள்ளைக்குத் தன்னைத்தானே தூண்டிக்கொள்ளும் இயல்பு உண்டு. காற்று கூடினால் புகை கூடும். புகை கூடினால் சக்கரம் விரையும். சக்கரம் விரைந்தால் காற்று இன்னும் கூடும். தடுப்பார் இல்லையேல் எஞ்சின் உடையும் வரை இச்சுற்று ஓயாது. இதற்காகவே சக்கரத்தின் அருகில் ஒரு சிறு கதவு வைக்கப்பட்டிருக்கிறது. கராஜ்களில் இதனை வேஸ்ட்கேட் என்பர். கதவு திறந்தால் புகையின் ஒரு பகுதி சக்கரத்தைத் தொடாமலே வெளியேறும். கதவை இழுக்கும் தண்டு ஒரு சிறு டப்பாவுடன் இணைந்திருக்கிறது. டப்பாவினுள் ஒரு வில்லும் சவ்வும் உண்டு. டர்போ உண்டாக்கும் அமுக்கம் இறப்பர்க் குழாய் வழியாக அச்சவ்வைத் தள்ளும்; வில்லின் பலத்தை அது வென்றவுடன் கதவு திறக்கும்.

இது வெறும் வில்லின் ஆட்சி. கணினி வந்தபின் அக்குழாயின் நடுவே ஒரு மின்வால்வு புகுந்தது. கணினி அதனை ஒரு விநாடிக்குப் பல தடவை திறந்து மூடி, டப்பாவுக்குச் செல்ல வேண்டிய அமுக்கத்தில் ஒரு பங்கைக் கசியவிடுகிறது. ஆகவே கதவு பிந்தித் திறக்கிறது. அமுக்கம் வில்லின் அளவுக்கு மேல் உயர்கிறது. எந்த வேகத்தில் எவ்வளவு கசியவிட வேண்டும் என்பது கணினியின் நினைவில் ஓர் அட்டவணையாக இருக்கிறது. விரும்பிய அமுக்கத்துக்கும் கிடைத்த அமுக்கத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பார்த்துச் சிறு திருத்தங்களையும் கணினி செய்துகொள்ளும்.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. அந்த அட்டவணை பழைய டர்போவின் குணத்தை அளந்து எழுதப்பட்டது. புதிய டர்போவின் சக்கரம் கனமானது. தாமதமாக விழிக்கும், விழித்தபின் வேகமாகப் பாயும். காற்று வரவில்லையே என்று கணினி கதவை இறுக்கி வைத்திருக்கும் வேளையில் அமுக்கம் திடீரென எல்லை கடந்துவிடும். உடனே கணினி கதவை மிகையாகத் திறக்கும், அமுக்கம் சரியும், மீண்டும் மூடும். வண்டி மேட்டில் விட்டுவிட்டு இழுப்பதாக ஓட்டுநர் உணர்வார்.

இந்த ஊசலாட்டம் புதிய நோயன்று. பழைய தேயிலைத் தொழிற்சாலைகளிலே நீராவி எஞ்சின்களின் மீது இரண்டு இரும்புக் குண்டுகள் சுழன்றுகொண்டிருந்ததை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் ஒடுங்கி நீராவியைக் கூட்டும். ஜேம்ஸ் வாட் 1788இல் தமது எஞ்சினுக்குப் பூட்டிய ஏற்பாடு அது. அக்குண்டுகளும் சில வேளைகளில் நிலைகொள்ளாமல் எஞ்சினை விரைவும் மந்தமுமாக அலைக்கழித்தன. அதன் காரணத்தை 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் கணிதத்தால் விளக்கினார். திருத்தம் செய்வதில் தாமதமும் மிகையும் சேர்ந்தால் கட்டுப்பாடே குழப்பத்துக்குக் காரணமாகிவிடும் என்பது அவ்விளக்கத்தின் சாரம். யந்திரம் மாறினால் அதனை ஆளும் கையின் பலமும் மாற வேண்டும்.

ஊசலாட்டத்தையாவது ஓட்டுநர் உணர்வார். அவர் உணராத ஆபத்துக்கள் வேறு உண்டு. எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அமுக்கத்தை அளக்கும் உணரிக்கு ஓர் உச்ச அளவு இருக்கிறது. அதற்கு மேல் அமுக்கம் எவ்வளவு ஏறினாலும் உணரி அதே எண்ணையே சொல்லும். தராசின் முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றபின் கொழுந்து எத்தனை கிலோ என்று யார் சொல்ல முடியும்? கணினி குருடாகிறது, தேவையான பெற்றோலை விடாமல் குறைவாக விடுகிறது. பெற்றோலைத் தெளிக்கும் ஊசிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. அவை முழுநேரமும் திறந்தே நின்றாலும் போதாமற் போகலாம். காற்று மிகுந்து பெற்றோல் குறைந்தால் தகன அறை கொதிக்கும். கலவை தன் வேளைக்கு முன்னரே வெடிக்கும். அந்த நொக்கிங் ஓசை சில விநாடிகள் நீடித்தாலே பிஸ்டன் உருகவோ பிளக்கவோ கூடும்.

எரிபொருளின் தரமும் இதில் சேர்கிறது. ஜப்பானிய நியமப்படி உயர்தரப் பெற்றோலின் ஒக்டேன் அளவு 96க்குக் குறையக் கூடாது. அங்கே விற்பனையாவது பெரும்பாலும் 100ஐ ஒட்டியது. வலுமிக்க டர்போ கார்களை அந்நாட்டார் அந்தப் பெற்றோலை மனத்திற்கொண்டே அமைத்தனர். நமது நாட்டு நிரப்பு நிலையங்களில் பெரும்பாலும் கிடைப்பவை 92உம் 95உம். காசு மிச்சம் என்று 92ஐ ஊற்றி, அமுக்கத்தையும் உயர்த்துவோரின் துணிச்சலை நான் மெச்சமாட்டேன். 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர் காரில் இந்த முன்வெடிப்பைத் தடுக்க நீரும் மெதனோலும் கலந்த திரவத்துக்குத் தனித்தொட்டி வைத்தார்கள். உரிமையாளர் பலர் தொட்டியை நிரப்ப மறந்தனர். தயாரிப்பாளர் அதனையும் எதிர்பார்த்துத் தொட்டி வற்றினால் அமுக்கம் தானே குறையும்படி செய்திருந்தனர் என்பது பாராட்டத்தக்கது.

எல்லை மீறிய அமுக்கத்தைக் கண்டால் எரிபொருளை நிறுத்திவிடும் காவலும் பெரும்பாலான கணினிகளில் உண்டு. ஏற்றத்தில் வண்டி திடீரென உதைத்து அடங்குவது அதனால்தான். உணரியிலிருந்து வரும் மின்சைகையைத் தணித்து அக்காவலை ஏமாற்றும் சிறு கருவிகள் கடைகளில் விற்கின்றன. வீட்டு நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டுவது போன்ற செயல் இது. வாடகைக்கு ஓடும் வாகனமாயின், எஞ்சின் உடைந்த மாதத்திலும் லீசிங் தவணை வந்து நிற்கும். ஒரு குடும்பத்தின் சோறு அந்த உருளைகளுக்குள் இருக்கிறது.

முறையான வழி பொறுமையானது. முதலில் மின்வால்வை விலக்கி, டர்போவிலிருந்து வரும் குழாயை நேரே டப்பாவுடன் இணைத்து, வில்லின் பலத்தில் மட்டும் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது கிடைப்பதே அந்த டர்போவின் அடிப்படை அமுக்கம். வேகம் ஏற ஏற அதுவும் மெல்ல மெல்ல ஏறுமாயின், கதவின் துவாரம் சிறியது என்று பொருள். அக்குறையைக் கணினியாலும் தீர்க்க முடியாது, துவாரத்தைப் பெருப்பிக்க வேண்டும். அமுக்கமானியோடு, புகையில் எஞ்சும் ஒட்சிசனை அளந்து கலவையின் விகிதத்தைக் காட்டும் கருவியும் அவசியம். இவை இரண்டும் நல்ல செய்தி சொன்னபின், கணினியின் அட்டவணையைப் புதிய டர்போவுக்கேற்ப மாற்றி எழுதி, கசிவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். உணரியின் உச்ச அளவுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இறப்பர்க் குழாய்களைக் கிளிப் இட்டு இறுக்குவது அற்ப வேலையாகத் தோன்றும். டப்பாவுக்குச் செல்லும் குழாய் கழன்றால் கதவு திறக்கவே திறக்காது.

டீசல் வண்டிகளில் முன்வெடிப்பு இல்லை. அங்கே எரிபொருளை அளவுக்கு மேல் விடுவதே தீங்கு. கரும்புகையும் கடும் வெப்பமும் வரும், வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறாது.

இறுதியாக மலையைப் பற்றிய ஒரு கணக்கு. கடல்மட்டத்தில் காற்றின் அமுக்கம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஏறத்தாழ 81 மட்டுமே. கீழே 70 கிலோபாஸ்கலை டர்போ கூட்டினால் மொத்தம் 171. வில்லின் ஆட்சியில் விட்டால் மேலேயும் அது ஏறத்தாழ அதே 70ஐத்தான் கூட்டும். மொத்தம் 151 ஆகி, வலு சற்றுக் குறையும், தீங்கில்லை. மொத்த அமுக்கத்தை இலக்காகக் கொண்ட கணினியோ 171ஐயே தேடும். கீழே காற்றை 1.7 மடங்கு நெருக்கிய சக்கரம், மேலே 2.1 மடங்கு நெருக்க வேண்டிவரும். அதற்காக மிகுந்த வேகத்தில் சுழலும், காற்றும் அதிகம் சூடேறும். ஆதலால் அவிசாவளையில் சரிபார்த்த வண்டியைக் கருவிகளைக் கழற்றாமலே ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் ஓட்டிச்சென்று, அங்கேயும் ஒருமுறை அளந்து பார்த்த பின்னரே உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும்.