டிப்ஸ்டிக்கில் ஏறிய ஆயில்

எங்கள் குடியிருப்பில் ஒருவர் தை மாதம் ஒரு சொகுசு டீசல் எஸ்.யூ.வி. வாங்கினார். செகண்ட் ஹேண்ட், 2021 மாடல். ஆடி பிறப்பதற்குள் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. “பேர் பெத்த வண்டின்னு வாங்கினேன் சார், இப்படிப் பண்ணுது” என்று வாடிய முகத்தோடு வந்து உட்கார்ந்தார். ஒரு டீயில் முடிகிற விஷயம் இல்லை, இரண்டாவது டீயும் போட வேண்டியிருந்தது.

“தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?” என்றுதான் முதலில் கேட்டேன். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவது, போக வர நாலு கிலோமீட்டர். கோளாறு அங்கேதான் இருந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்காக, டீசல் கார்களின் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டியை வைக்கிறார்கள். தேன்கூடு போல நுண்ணிய அறைகள், அவற்றில் கரி தங்கும். ஓரளவு சேர்ந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சி, சுமார் 600 டிகிரி சூடேற்றி அந்தக் கரியை எரித்துவிடும். இதற்கு நிற்காமல் பதினைந்து இருபது நிமிட ஓட்டம் வேண்டும். எரிகிற நேரத்தில் பள்ளி வாசலில் வண்டியை அணைத்தால் வேலை பாதியில் நின்றுவிடும், மறுநாள் திரும்ப முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவரோடு வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும்.

கீழே போய் பானெட்டைத் திறந்தோம். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் மேல்கோட்டுக்கும் மேலே நின்றது. “நல்லவேளை, ஆயில் குறையல” என்றார். குறையாததுதான் ஆபத்து. விரலில் தொட்டுத் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை, டீசல் வாடை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு இந்த நீர்த்த ஆயிலை நம்பித்தான் ஓடுகிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் முதலில் டர்போ போகும், பிறகு இன்ஜினே போகும். வண்டியின் விலை பாதியாகக் குறைந்திருந்தாலும் டர்போவின் விலை குறையாது. (சில வண்டிகளில் டிப்ஸ்டிக் இருக்காது, திரையில்தான் ஆயில் அளவு தெரியும்.)

ஒரு ஷெட்டில் டி.பி.எஃப்.பையே கழற்றிவிட்டு சாஃப்ட்வேரை மாற்றித் தருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். சட்டப்படி தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கரியைப் பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைகள் அல்லவா மூச்சில் இழுப்பார்கள்?

செய்ய வேண்டியது வேறு. ஸ்கேனர் போட்டுப் பார்த்து, கரி அளவு கைமீறவில்லை என்றால் சர்வீஸிலேயே எரிக்கவைக்கலாம். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஆயில் டி.பி.எஃப். வண்டிக்கென உள்ள குறைந்த சாம்பல் ரகமாக இருக்கட்டும். கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது, அது டி.பி.எஃப்.பிலேயே தங்கிவிடும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியென்றால் இன்னொன்றும் உண்டு. ராத்திரி நிறுத்தி, காலையில் எடுப்பதற்கு முன் நாலு சக்கரத்தையும் சுற்றிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் ரப்பர் காற்றுப் பையிலோ குழாயிலோ கசிவு. அப்படியே ஓட்டினால், இழந்த காற்றை ஈடுகட்ட கம்ப்ரெஸர் ஓடி ஓடி எரிந்துபோகும். பை ஒன்றோடு முடிய வேண்டிய செலவு இரண்டாகும்.

நண்பர் இப்போது வாரம் ஒருமுறை செங்கல்பட்டு வரை போய்வருகிறார், மஞ்சள் விளக்கு எரிவதில்லை. இனிமேல் வாங்கப்போகிறவர்கள் ஒரு வாரம் தங்கள் ஓட்டத்தைக் குறித்துப் பாருங்கள். நாளுக்குப் பத்து கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை, வெளியூர்ப் பயணமும் அபூர்வம் என்றால், டீசல் வேண்டாம். பெட்ரோல் வண்டியே வாங்குங்கள்.