நோயாளியின் மன இறுக்கமும் செவிலியர் பணியும்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக அவர் எண்ணுவது அருகிலிருந்து பணிவிடை செய்பவரை. மருத்துவரைப் பற்றி ஓயாமல் பேசும் நாம் அந்த நான்காமவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஊசி போடுகிறவர், மாத்திரை கொடுக்கிறவர் என்ற அளவிலேயே செவிலியரை அறிந்திருக்கின்றோம். நோயாளியின் மன இறுக்கத்தை அறிந்து அதைத் தளர்த்துவதும் அவருடைய வேலைகளுள் ஒன்று. அது நம் கண்ணில் படுவதில்லை.

மன இறுக்கம் மனத்தோடு நின்றுவிடுவதன்று. விலங்கியல் பயில்கிறவனுக்கு இவ்விடத்தில் சற்று உற்சாகம் பிறப்பது இயல்பே, வாசகர் பொறுத்தருள்க. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் பூனையின் இரைப்பை அசைவை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, பூனை மிரண்டவுடன் அந்த அசைவு நின்றுவிடுவதைக் கண்டார். அச்சமோ சினமோ நேரும்பொழுது, சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடல் ஆயத்தமாகின்றது. இதனை அவர் 1915-இல் வெளிவந்த நூலில் விளக்கினார்.

அடுத்து வந்தவர் ஹான்ஸ் செல்யே. கனடாவிலுள்ள மாண்ட்ரியல் நகரிலிருந்து 1936-இல் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், நஞ்சு கொடுத்தாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது. அட்ரினல் சுரப்பி பருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் உண்டாயிற்று. உடல் முதலில் திடுக்கிடுகிறது, பிறகு தாக்குப் பிடிக்கிறது, துன்பம் நீடித்தால் இறுதியில் சோர்ந்து வீழ்கிறது என மூன்று படிகளை அவர் வகுத்தார். மனிதரிடத்தும் இதன் தடங்கள் உள்ளன. 1995-இல் ஒகாயோவில் நடந்த ஓர் ஆய்வில், நினைவிழந்த உறவினரை நெடுங்காலம் பேணிவந்த பெண்களின் கையில் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தனர். அது ஆற மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்பது நாட்கள் கூடுதலாயின! கவலை புண்ணை ஆறவிடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கட்டுக்கதை என்று இனித் தள்ள இயலாது.

ஒரே அறுவை, ஒரே படுக்கை. ஒருவர் அமைதியாக உறங்குகிறார், மற்றவர் விடியவிடிய விழித்திருக்கிறார். ஏன்? ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் ஆகிய இருவரும் 1984-இல் வெளியிட்ட நூல் இதற்கு விடை கூறுகிறது. இதனால் எனக்கு என்ன கேடு வரும், அதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போடுகின்றனர். அந்தக் கணக்கிற்கேற்பவே இறுக்கம் கூடுகிறது அல்லது குறைகிறது. ஆகவே அந்தக் கணக்கு என்னவென்று கேட்டறிவதே செவிலியரின் முதல் வேலையாகின்றது.

இதை நான் கண்கூடாகக் கண்டேன். எங்கள் ஊர் சோழபுரம். அருகிலுள்ள சத்திரப்பட்டி வட்டாரம் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்வதில் பெயர் பெற்றது என்பதைப் பலரும் அறிவர். அங்கே விசைத்தறியில் ஆயுள் முழுவதும் கட்டுத்துணி நெய்த என் தந்தையார், தம் உடம்பில் ஒரு கட்டுப் போடவேண்டும் என்றதும் கலங்கிப்போனார். குடலிறக்க நோய். இரத்த அழுத்தம் ஏறியிருந்ததால் அறுவை ஒருமுறை தள்ளிப்போயிற்று. வந்தவர் போனவர் எல்லாரும், “பயப்படாதீங்க” என்றனர். நானும் அதைத்தான் சொன்னேன்.

இரவுப் பணிக்கு வந்த செவிலியர் அவ்வாறு சொல்லவில்லை. படுக்கை அருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அண்ணாச்சி, எதை நெனச்சுத் தூக்கம் வரல?” என்று கேட்டார்.

“கத்திக்குப் பயமில்ல தாயி. எத்தனை நாள் தறிக்குப் போக முடியாதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்காக. சீட்டுப் பணம் கட்டணும்” என்றார் தந்தை.

மூன்று நாட்களாக உடனிருந்த எங்களுக்கும் அன்றுதான் அது தெரிந்தது. மறுநாள் மருத்துவரிடம் கேட்டு அச்செவிலியரே பதில் கொண்டுவந்தார். சில நாட்களில் நடமாடலாம். பாவு பீம் தூக்குவது மட்டும் ஒன்றரை மாதம் கூடாது. இருமல் வந்தால் தையலின்மேல் தலையணையை வைத்து எப்படி அழுத்திக்கொள்வது என்றும் காட்டினார். அம்மா சீட்டுப் பிடிப்பவரிடம் தவணை கேட்டு வந்தார். அறுவை நாள் காலையில் அழுத்தம் இறங்கியிருந்தது. அந்தச் செவிலியருக்கு அன்றிரவு நாற்பது படுக்கைகள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். எல்லாப் படுக்கைக்கும் ஸ்டூலை இழுத்துப் போட அவரால் இயன்றிருக்காது.

அவர் செய்ததற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. 1964-இல் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், வயிற்று அறுவைக்குக் காத்திருந்தோரில் ஒரு பகுதியினரிடம் மட்டும் வலி எங்கே வரும், எவ்வளவு இருக்கும், எப்படிப் புரண்டு படுத்தால் குறையும் என்று முன்கூட்டியே விளக்கினர். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து மற்றவர்களுக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. இங்கிலாந்தில் ஜாக் ஹேவர்டு செவிலியர் நோக்கில் இதே பொருளை ஆராய்ந்து 1975-இல் வெளியிட்டார்.

எனினும் எல்லா நேரத்திலும் விளக்கம் உதவாது. மனநலச் செவிலியத்தின் முன்னோடி ஹில்டகார்டு பெப்லாவ், பதற்றத்தைச் சிறிது, நடுத்தரம், கடுமை, பேரச்சம் என நான்காகப் பிரித்தார். முதல் இரண்டில் மனிதன் கேட்பான், கற்பான். கடுமையாகிவிட்டால் காதில் எதுவும் ஏறாது. அப்பொழுது பக்கத்தில் நின்று ஒரே ஒரு சொல் சொல்வதும், மூச்சை மெதுவாக வெளியே விடச் செய்வதும் போதும். நீண்டு வெளியேறும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும் என்பது உடலியல். நோயாளியின் காதில் அரைகுறையாக விழும்படி கிசுகிசுப்பது கொடுமை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் தம் செவிலியக் குறிப்புகளில் கண்டித்திருக்கிறார். நம் வார்டு வாசல்களில் உறவினர் செய்வது பெரும்பாலும் அதுவே.

பிரசவ அறையைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. அச்சத்தால் அட்ரினலின் மிகுந்தால் கருப்பையின் சுருக்கங்கள் தளர்ந்து பேறு நீளக்கூடும். குவாத்தமாலா நாட்டில் நடந்த ஆய்வு 1980-இல் வெளியாயிற்று. முன்பின் அறியாத ஒரு பெண்ணே ஆயினும், துணையாக அருகிலிருந்து கையைப் பிடித்து முதுகைத் தடவிக்கொடுத்தபோது பேறுகால நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கும் திட்டம் 2004-இல் வந்தது. 2018-இல் உலகச் சுகாதார நிறுவனமும் இதனையே பரிந்துரைத்தது. வேலூரில் 1909-இலேயே செவிலியர் பள்ளியும் 1946-இல் பட்டப்படிப்பும் தோன்றிய மாநிலத்தில் இத்திட்டம் இன்னும் முன்னரே வந்திருக்கலாம் என்பது என் கருத்து.

மருத்துவமனைக்கு வெளியிலும் இப்பணி நடக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. எங்கள் தெருவுக்கு வரும் அக்கா கருவியை உடனே கட்டுவதில்லை. பாட்டியைத் திண்ணையில் சாய்ந்து உட்காரவைத்து, பேரன் பேத்தி பற்றியெல்லாம் விசாரித்து, பேச்சு ஓய்ந்து ஐந்து நிமிடம் சென்ற பிறகே கையை நீட்டச் சொல்கிறார். முன்பெல்லாம் பாட்டி பேருந்து ஏறிப் போய், வரிசையில் நின்று, மூச்சு வாங்க வாங்க அளந்துகொண்டு வந்த எண்ணைவிட, திண்ணையில் கிடைக்கும் எண் குறைவாகவே இருக்கின்றது.