டிபாசிட்டும் பிரஜா உரிமையும்

1996-ம் வருஷம் மொடக்குறிச்சியில், தங்கள் குறைகளைக் கேட்பாரில்லையென்று மனம் நொந்த விவசாயிகள் திரண்டெழுந்து சட்டசபை அபேட்சகர்களாயினர். ஒரே ஸ்தானத்துக்கு 1,033 பேர்! ஓட்டுச் சீட்டு புஸ்தகமாயிற்று. அன்று டிபாசிட் 250 ரூபாய். அவ்வருஷமே 5,000 ஆக்கினர். 2010 முதல் 10,000. செல்லத்தக்க ஓட்டில் ஆறிலொரு பங்குக்கு மேல் பெறாது தோற்றவருக்கு அது திரும்பாது.

விளையாட்டாக நிற்போரைத் தடுக்கவே இவ்வேற்பாடு என்பர். மொடக்குறிச்சி ஓட்டர்கள் மயங்கினரா? இல்லை, ஏறக்குறைய அனைவரையும் டிபாசிட் இழக்கச் செய்து, ஒருவரைத் தேர்ந்தனர். 10,000 ரூபாய் தனவந்தருக்குத் துரும்பு, கூலிக்காரருக்கோ மலை. 25 வயது நிரம்பிய ஓட்டருக்கு அரசியல் சட்டம் அளித்த உரிமையைப் பணப்பை பறிக்கலாமா? அபேட்சகரின் தகுதியை நிறுக்கும் தராசு ஓட்டரின் கையிலேயே இருக்கட்டும் என்பதே நமது அபிப்பிராயம்.