மலை ஏற்றத்தில் மாருதி 800 'மிஸ்' அடிக்கிறதா? என்ஜினை இறக்கும் முன் பிளக்கை பாருங்க!

கோவை,

மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு ஏற்றத்தில் பழைய மாருதி 800 கார்கள் உதறிக்கொண்டு இழுவை இல்லாமல் திணறுவது உண்டு. என்ஜினே போச்சு என்று பயந்து ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு சின்னதுதான்.

1983-ல் வந்து 2014-ல் தயாரிப்பு நின்றுபோன இந்த காரில் இருப்பது 3 சிலிண்டர்தான். ஒன்று எரியாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு சக்தி காலி.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, கார்புரேட்டர் மாடலில் என்ஜினை நிறுத்திவிட்டு ஒரு பிளக் வயரை கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். (ஓடும்போது வயரை தொட்டால் பலமான ஷாக் அடிக்கும், உஷார்.) உதறல் கூடினால் அந்த சிலிண்டர் நல்லா இருக்கு. மாற்றமே இல்லையா, அதுதான் கோளாறு. எம்.பி.எப்.ஐ. வண்டிக்கு இந்த முறை வேண்டாம்.

அந்த பிளக்கை பக்கத்து சிலிண்டருக்கு மாற்றி போட வேண்டும். கோளாறும் கூடவே போனால் புது பிளக் போதும். அதே இடத்தில் நின்றால் வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மூடிக்குள் ஈரம் கோர்த்தாலும் இதே கதைதான். காய்ந்த துணியால் துடைத்தாலே சரியாகிவிடும்.

இதற்கும் தீராமல், பிளக் ஆயில் பிசுக்கோடு வந்தால் கம்ப்ரஷன் செக் செய்ய சொல்லுங்கள். அதையும் பார்க்காமல் "என்ஜினை இறக்கணும்" என்பவரிடம் சாவியை கொடுக்காதீங்க.