செங்கோற் படிகம்

சென்ற விடுமுறையில், புனேக்கு வெளியே ஒரு கல் குவாரியில் அனுமதி பெற்றுப் படிகம் தேடினேன். தக்காணத்துக் கரும்பாறை, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருகிய எரிமலைக் குழம்பு உறைந்து ஆனது. அதில் வாயுக் குமிழிகள் விட்டுச் சென்ற பொந்துகளில், சிலிகா கரைந்த நீர் ஊறி, குவார்ட்ஸ் படிகங்கள் விளைந்திருக்கின்றன.

உடைகற்குவியலில் ஒரு விந்தைப் படிகம் கிடைத்தது. மெல்லிய தண்டு, அதன் உச்சியில் பருத்த தலை! “இரண்டு கற்கள் ஒட்டிக்கொண்டவை, தட்டினால் பிரிந்துவிடும்” என்றார் நண்பர். நானும் சுத்தியலை ஓங்கிவிட்டேன்.

ஏனோ மனம் வரவில்லை. வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பினேன். தண்டின் முகமும் தலையின் முகமும் ஒரே கணத்தில் பளிச்சிட்டன. வெவ்வேறு கற்களாயின் பெரும்பாலும் இப்படி ஒத்து மின்னமாட்டா. படிகம் பருத்தாலும் சிறுத்தாலும் முகங்களின் கோணம் மாறாது என்று 1669-இல் ஸ்டெனோ எழுதியது நினைவுக்கு வந்தது. குவார்ட்ஸின் அடுத்தடுத்த பக்கங்களுக்கிடையே அது 120 பாகை.

ஆகவே இது ஒரே படிகம்தான். வளர்ச்சி ஒருமுறை நின்று, மீண்டும் தொடங்கியபோது, நுனியை மட்டும் பற்றி அதே ஒழுங்கில் பருத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் இதற்குச் செங்கோல் என்றே பெயர்.

நண்பர்களே, விளங்காத கல்லைக் கண்டால் முதலில் வெயிலில் திருப்பிப் பாருங்கள்; சுத்தியல் பிறகு ஆகட்டும்.