எடை கூட்டும் ஓர் எழுத்து

"தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இனிப்புநீர். எனக்கும் வந்துவிடுமா டீச்சர்?" படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள். உங்களில் பலருக்கும் இந்தப் பயம் இருக்கும்.

2007இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இரண்டாம் வகை நீரிழிவுக்கான மரபணுவைத் தேடினார்கள். சிக்கியது எஃப்டிஓ மரபணு. ஆனால், உடல் எடையின் பாதிப்பைக் கணக்கிலிருந்து நீக்கியதும் நீரிழிவோடு அதற்கிருந்த தொடர்பு மறைந்துபோனது! அது எடையைத்தான் கூட்டுகிறது. அந்த எடை வழியாகத்தான் நீரிழிவு வருகிறது.

இந்த மரபணுவில் ஓரிடத்தில் சிலருக்கு ‘டி’ என்ற எழுத்து, சிலருக்கு ‘ஏ’. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ‘ஏ’ பெற்ற பெரியவர்கள், இரண்டு ‘டி’ உள்ளவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அதிக எடை கொண்டிருந்தார்கள். ‘ஏ’ உள்ளவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு எளிதில் வருவதில்லை. சோம்பல், பேராசை என்று யாரையும் கேலி செய்யுமுன் இதை நினைத்துப் பாருங்கள்.

ஒல்லியானவர்களும் தப்பிவிடவில்லை. டிசிஎஃப்7எல்2 என்ற வேறொரு மரபணுவின் மாற்றம் இன்சுலின் சுரப்பையே குறைக்கிறது.

2011இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் தரவுகளை ஆராய்ந்தார்கள். உடலுழைப்பு உள்ளவர்களிடம், உடற்பருமனை உண்டாக்கும் எஃப்டிஓவின் வலு 27 விழுக்காடு குறைந்திருந்தது. எழுத்து மாறவில்லை, அதன் பிடி தளர்ந்திருந்தது.

இதைச் சொன்னதும் அம்மாணவி கேட்டாள்: "அப்போ வலைப்பந்துப் பயிற்சிக்குப் போக அப்பாவிடம் நீங்களே சொல்லுங்களேன், டீச்சர்?"